நாற்பத்தொன்றாம் நம்பர்

அல்சீட் வொய்சீனின் கோப்பு மூன்று அட்டைப்பெட்டி கொள்ளும். பத்தொன்பது வருடத்து காகிதம். அதை முதலிலிருந்து கடைசிவரை படித்த ஒரே ஆள் மருத்துவமனையின் உளவியலாளர் ரோஷெல் தெரியோதான். அவளும் வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருடத்தில், கோபம் தலைக்கேறிய பிறகுதான் படித்தாள்.

கோபத்துக்குக் காரணம் நிர்வாகத்திலிருந்து வந்த ஒரு கடிதம். பிர்ச் ஹில் அரசு மனநல மருத்துவமனையின் திறந்த வார்டை டிசம்பரோடு மூடுகிறார்கள். அங்கிருந்த பதினான்கு பேரில் பதின்மூன்று பேருக்கு வெளியே இடம் பார்த்தாகிவிட்டது. மிச்சம் அல்சீட். அவரைத் தெற்கே, ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் பூட்டிய பிரிவுக்கு அனுப்பிவிடலாம் என்று கடிதம் சொன்னது. வடக்கே பள்ளத்தாக்கில் இருந்த அவருடைய அக்கா ஜெர்மேன், தம்பியைத் தன் வீட்டுக்கு விடும்படி நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தாள். செப்டம்பரில் விசாரணை. மனு தோற்றால் அல்சீட் பூட்டிய பிரிவிலேயே கிழவனாகி அங்கேயே சாவார். இப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது.

அவர் செய்தது இதுதான். சின்னத் தம்பி செத்த குளிர்காலத்தில் அவருக்குப் புத்தி பேதலித்தது. பக்கத்துப் பண்ணையின் உருளைக்கிழங்குக் கிடங்குக்குள் தம்பி அடைபட்டுக் கிடப்பதாகக் குரல்கள் சொல்லின. கதவை எரித்துத் திறக்கப் பார்த்தார். கிடங்கே எரிந்து போனது. ஒருவருக்கும் காயமில்லை. நோய் செய்த காரியம் என்று நீதிமன்றம் தீர்த்து, சிறைக்குப் பதில் இங்கே அனுப்பியது. சிறைக்குப் போயிருந்தால் ஏழு வருடத்தில் வெளியே வந்திருப்பார்.

குரல்கள் அடங்கிப் பதினொரு வருடமாகிறது. மருந்தை ஒரு வேளை தவறவிட்டதில்லை. அப்படியும் ஏன் விடவில்லை என்றால், ஒரு வாக்கியம். வருடத்துக்கு ஒரு முறை ஓர் உளவியலாளர் அவரைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். எல்லா அறிக்கையிலும் அந்த வாக்கியம் இருந்தது: 'நோயாளி மருத்துவமனைப் பொருள்கள் தன்னுடையவை என்னும் பிரமையில் உள்ளார்; எண் எழுதிய சீட்டுகளை அவற்றின்மீது வைத்து உரிமை கொண்டாடுகிறார், சீட்டை அகற்றினால் கொந்தளிக்கிறார்.'

பத்தொன்பது அறிக்கை. கையெழுத்துப் போட்டவர்கள் மாறினார்கள், வாக்கியம் மாறவில்லை. முதலில் எழுதியவர் டாக்டர் விட்கோம்ப் தேயர். இப்போது பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையின் மூத்த பேராசிரியர்; அந்தத் துறையில் பாடம் எடுத்துக்கொண்டேதான் ரோஷெல் மருத்துவமனை வேலையும் பார்த்தாள். அறிக்கை எப்படி எழுத வேண்டும் என்று மாநிலத்துக்கே கையேடு எழுதிக் கொடுத்தவர். அந்தக் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில், புதிய அறிக்கைக்கும் பழைய அறிக்கைகளுக்கும் தொடர்ச்சி இருக்க வேண்டும் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கும். ஆகவே எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே பழைய அறிக்கையைத் திறப்பார்கள், தேதியை மாற்றுவார்கள், அங்கங்கே தட்டிக் கொட்டுவார்கள்.

பதினாறாம் வருடத்து அறிக்கையைப் புரட்டினாள். அதே வாக்கியம். அதே இடத்தில் அரைப்புள்ளி. கீழே கையெழுத்து: ரோஷெல் தெரியோ.

பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நினைவு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்த வாரம் பதினொரு அறிக்கை கொடுக்க வேண்டும். அல்சீட்டோடு பத்து நிமிடம் பேசினாள். குரல் கேட்கிறதா, தூக்கம் வருகிறதா, அவ்வளவுதான். மீதியைப் பழையதிலிருந்து எடுத்தாள். அவள் அம்மா பள்ளத்தாக்கின் உருளைக்கிழங்கு வறுவல் ஆலையில் தோலுரிக்கும் வரிசையில் நின்றவள். அப்பா மரலாரி ஓட்டினார். அந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் அவளுக்கு முன்னால் யாருமில்லை. இவளெல்லாம் எப்படி உள்ளே வந்தாள் என்று ஒருநாள் யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயத்தில், கையேட்டில் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தாள். பயத்துக்குப் பரிசாகப் பாராட்டும் கிடைத்தது. 'மிகத் தெளிவான அறிக்கை' என்று தேயர் ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தார்.

மறுநாள் காலை நேரே வார்டுச் சமையற்கட்டுக்குப் போனாள். எடுபிடி வேலைகளைக் கவனிக்கும் வெல்டா என்ற பெண், இருபது வருடமாக அங்கே இருப்பவள், காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இவளை மேலும் கீழும் பார்த்தாள். உளவியலாளர் யாரும் இந்தப் பக்கம் வந்து பார்த்ததில்லை, வழி தவறிவிட்டதா என்று கேட்டாள். அல்சீட் என்ன செய்கிறார் என்று பார்க்க வந்தேன் என்றாள் ரோஷெல். தட்டுக் கழுவுகிறார், அதைப் பார்க்க டாக்டர் பட்டம் எதற்கு என்று சொல்லிவிட்டு வெல்டா நகர்ந்து இடம் விட்டாள்.

ரோஷெல் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து பார்த்தாள். ஒல்லியான மனிதர், சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்திருந்தார். தட்டு தட்டாகக் கழுவி மரச் சட்டத்தில் அடுக்கினார். சட்டம் நிறைந்ததும் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மேல் கம்பியில் செருகினார். அதில் 41 என்று எழுதியிருந்தது. அடுத்த சட்டம். பாதியில் காப்பிக்குக் கூப்பிட்டார்கள். பாதிச் சட்டத்தில் சீட்டு வைக்காமல் போனார். திரும்பி வந்து முழுசாக நிரப்பிவிட்டுத்தான் வைத்தார். பக்கத்தில் வேறொரு ஆள் அடுக்கிய கோப்பைகள் இருந்தன. அவற்றின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அது என்ன சீட்டு என்று ரோஷெலுக்குத் தெரிந்துவிட்டது.

வடக்கே, பள்ளத்தாக்கில், செப்டம்பர் கடைசியில் மூன்று வாரம் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். பிள்ளைகள் கிழங்கு பொறுக்க வயலில் இறங்குவார்கள். ஆளுக்கு ஒரு நம்பர், அந்த நம்பர் போட்ட ஒரு கத்தைச் சீட்டு. கூடையில் பொறுக்கிப் பீப்பாயில் கொட்டுவது. பீப்பாய் விளிம்பு தொட்டதும் மேல் வளையத்தில் சீட்டைச் செருகுவது. சீட்டில்லாத பீப்பாயை யார் வேண்டுமானாலும் தன்னுடையது என்பான். பாதிப் பீப்பாயில் சீட்டு வைப்பவனைக் கள்ளன் என்று சிரிப்பார்கள். பன்னிரண்டு வயதில் தன் சீட்டைப் பிடுங்கிவிட்டு வேறு சீட்டைச் செருகிய பையனின் மூக்கை ரோஷெல் உடைத்திருக்கிறாள். வயலில் இன்று எல்லாம் இயந்திரம். ஆனால் அவள் வயதுக்காரர்களுக்கும் அதற்கு மேலானவர்களுக்கும் அந்த நம்பர் சாகிறவரை மறக்காது. தெற்கிலிருந்து வந்த எந்த உளவியலாளருக்கும் அது தெரியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதியிருக்கிறாள்.

எழுந்து போய்ச் சட்டத்தின் அருகில் நின்று, யாருடைய வயலில் பொறுக்கினீர்கள் என்று பள்ளத்தாக்குப் பேச்சிலேயே கேட்டாள்.

அல்சீட்டின் கை தண்ணீருக்குள் நின்றது. "லெவெக் வயல்ல. ஒம்பது வருசம். நீ எந்தத் தெரியோ?"

"லாரிக்காரர் தெரியோ. பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"ஓ, நொண்டித் தெரியோ மக. உன் நம்பர் என்ன?"

"பதினாறு."

"சின்ன நம்பராச்சே. முதலாளிக்குச் சொந்தமோ?"

"எங்கம்மா நாலு மணிக்கே போய் வரிசையில நின்னு வாங்கினது."

அவர் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை.

ரோஷெல் சட்டத்தைக் காட்டினாள். "இந்தத் தட்டெல்லாம் யாருது?"

அவளுக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்பதுபோல் அல்சீட் பார்த்தார். "ஆஸ்பத்திரியோடது. வேற யாருது?"

"அப்ப சீட்டு?"

"கழுவினது நான்."

வந்த புதிதில், வேலை செய்பவர்களுக்கு முற்றத்தில் கூடுதலாக அரைமணி நேரம் நடக்க அனுமதி உண்டாம். இவர் கழுவியதைத் தான் கழுவியதாகச் சொல்லி வேறொருவர் நடந்துகொண்டிருந்தாராம். அதனால் சீட்டு வைக்க ஆரம்பித்தார். சீட்டைப் பிடுங்கினால் கோபம் வராதா என்று அவளையே கேட்டார். ஏன் இதை யாரிடமும் சொல்லவில்லை என்றாள்.

"யார் கேட்டா? குரல் கேக்குதான்னு கேப்பாங்க. இல்லம்பேன். எழுதிக்கிட்டுப் போயிருவாங்க. நீயுந்தான் வந்த."

ஆமாம் என்றாள்.

கதையை மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றம் போனால் ஊர்ப்பாசம் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வேலையை வேலையாகச் செய்தாள். மூன்று வாரம். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் ஒரு படிவத்தோடு உட்கார்ந்தாள். அவள் இல்லாத நேரத்தில் வெல்டா குறித்தாள். எந்தப் பொருளில் சீட்டு, அதற்கு முன் அவர் அதில் என்ன வேலை செய்தார், வேலை முடிந்திருந்ததா. ஒட்டுமொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டு. எல்லாமே அவர் செய்து முடித்த வேலையின் மேல். பாதி வேலையின் மேல் ஒன்றுகூட இல்லை. அடுத்தவர் செய்ததன் மேல் ஒன்றுகூட இல்லை. வேண்டுமென்றே அவருக்குப் பக்கத்தில் புதுப் போர்வை, புதுக் காலணி, ஒரு வானொலிப் பெட்டி எல்லாம் வைத்துப் பார்த்தாள். எதையும் அவர் தொடவில்லை. வானொலியை மட்டும் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

அறிக்கையின் பிரதி தேயருக்குப் போனது. மறுநாளே கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் நாற்காலிகள்கூட மெத்தென்று இருக்கும். தேநீர் கொடுத்தார். சுவாரசியமான கவனிப்பு, கட்டுரையாக எழுதலாம் என்றார். ஆனால் பத்தொன்பது வருடத்து மருத்துவக் கருத்தை ஒரு கிராமத்து வழக்கத்தை வைத்துக் கவிழ்ப்பது அறிவியல் ஆகாது என்றார். எரித்தவர் மறுபடி எரித்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு அவள் அறிக்கையில் ஆறு பக்கம் எழுதியிருந்தாள். அவர் அதைப் படிக்கவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

வார்டுக்கு வாருங்கள், ஒரு மணி நேரம் பாருங்கள் என்று கூப்பிட்டாள். நேரமில்லை என்றார்.

பிறகு கோப்பையைக் கீழே வைத்தார். "ரோஷெல், அக்டோபர்ல உங்க நிரந்தரப் பதவி ஓட்டுக்கு வருது. குழுவுக்கு நாந்தான் தலைவர், உங்களுக்கே தெரியும். உங்க கையெழுத்துப் போட்ட அறிக்கையையே நீங்க பொய்னு சொன்னா, நாளைக்கு உங்க எந்த அறிக்கையை நாங்க நம்புறது? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்கு என்று சொல்லித்தான் இவர்கள் எல்லாவற்றையும் பிடுங்குவார்கள் என்று அவளுக்குள் கொதித்தது. பள்ளத்தாக்குப் பேச்சுப் பேசியதற்காக அவள் அம்மாவைப் பள்ளியில் மூலையில் நிறுத்தியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். வண்டியில் உட்கார்ந்து கத்தினாள். அப்புறம் வகுப்புக்குப் போய்ப் பாடம் எடுத்தாள்.

விசாரணை செப்டம்பர் இரண்டாம் வாரம். மாவட்ட நீதிமன்றத்தின் சின்ன அறை. நீதிபதி ஆர்லீன் மெக்காஸ்லின், கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தியே பேசுகிற அம்மாள். ஒரு பக்கம் அல்சீட், இரவல் கோட்டில். அவர் பின்னால் ஜெர்மேன், கையில் பையோடு. பைக்குள் அவள் காலையில் சுட்ட கோதுமை அடைகள் இருந்தன. காவலர் திறந்து பார்த்துவிட்டு, மணத்துக்கே பசிக்கிறது என்று சொல்லி உள்ளே விட்டார்.

தேயர் முதலில் சாட்சி சொன்னார். அழகாகப் பேசினார். நாள்பட்ட பிரமை, அறிக்கைகளின் தொடர்ச்சி, பொதுமக்கள் பாதுகாப்பு. பத்தொன்பது வருடமாகப் பதினோரு நிபுணர்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றார். அரசு வழக்கறிஞர் திருப்தியாக உட்கார்ந்தார்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "டாக்டர், நீங்க இவரை எப்பப் பாத்தீங்க?"

கோப்பை ஆகஸ்டில் முழுமையாகப் பரிசீலித்ததாகத் தேயர் சொன்னார்.

"கோப்பைக் கேக்கல. ஆளை."

நேரில் பார்த்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும் என்றார் தேயர். பதின்மூன்று என்று பின்னாலிருந்து ஜெர்மேன் திருத்தினாள். பேசக் கூடாது என்று அவளை அடக்கினார்கள்.

அடுத்து ரோஷெல். இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டையும் அவள் எண்ணும் தேதியுமாக எடுத்து வைத்தாள். பீப்பாய், வயல், நம்பர் எல்லாம் சொன்னாள். மருந்து, பதினொரு வருட அமைதி, அக்கா வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் மருத்துவமனை, மாதம் ஒரு முறை பரிசோதனை, நோய் திரும்பினால் முதலில் தெரியும் அறிகுறிகள், யார் யாரை அழைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். ஒரே ஒரு காகிதம் கையில். அது என்னவென்று அவளுக்கு அவர் நடந்து வரும்போதே தெரிந்தது. பதினாறாம் வருடத்து அறிக்கை. அந்த வாக்கியத்தை உரக்கப் படித்தார். கையெழுத்து யாருடையது என்று கேட்டார்.

"என்னோடது."

அப்படியானால் அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா என்றார். தேயர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அன்று நோயாளியின் நிலை வேறு, இன்று வேறு என்று சொல்லித் தப்பிக்கலாம். அவளுடைய பேரும் பதவியும் பிழைக்கும். வாயில் அந்த வார்த்தைகள் தயாராகக்கூட இருந்தன. ஆனால் அப்படிச் சொன்னால் அந்தப் பிரமை ஒரு காலத்தில் இருந்ததென்று ஆகிவிடும். மறுபடி வரக்கூடும் என்றும் ஆகிவிடும்.

"அன்னிக்கு எழுதினதுதான் தப்பு," என்றாள். "நான் அவரைப் பாத்து எழுதல. பழைய அறிக்கையைப் பாத்துக் காப்பியடிச்சேன். எனக்கு முன்னால எழுதினவங்களும் அதத்தான் செஞ்சிருக்காங்க, அரைப்புள்ளிகூட மாறல. பதினோரு நிபுணர் ஒரே முடிவுக்கு வரல, அம்மா. ஒருத்தர் எழுதினாரு, பத்துப் பேர் காப்பியடிச்சோம். அந்தப் பத்துல நானும் ஒருத்தி. கிழங்கு பொறுக்கி வளந்தவ நான், எனக்கு அது என்ன சீட்டுன்னு தெரிஞ்சிருக்கணும். சமையற்கட்டு வரைக்கும் நடந்திருந்தா தெரிஞ்சிருக்கும். மூணு வருசம் அவருக்குப் போனது என்னால."

வழக்கறிஞர் அடுத்த கேள்வியைக் கேட்க வாயெடுத்தார். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தி, பத்தொன்பது அறிக்கைகளையும் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கத்தை எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினார். இடமிருந்து வலமாக விரலை ஓட்டிக்கொண்டே போனார். அதற்கு எட்டு நிமிடமாயிற்று.

பிறகு அல்சீட்டையே கேட்டார். வீட்டுக்குப் போனால் என்ன செய்வீர்கள்?

அல்சீட் எழுந்து நின்றார். "அக்கா வீட்டுக் கூரை ஒழுகுதாம். மொதல்ல அதப் பாக்கணும். அவளுக்கு ஏணின்னா பயம்."

தீர்ப்பு அன்றே வந்தது. முப்பது நாளுக்குள் அக்காவின் வீட்டுக்கு. நிபந்தனைகள் ரோஷெல் எழுதியபடி. படித்து முடித்துவிட்டு நீதிபதி, இந்த நீதிமன்றம் இத்தனை வருடமாக ஒரே காகிதத்தைப் பத்தொன்பது முறை படித்து ஏமாந்திருக்கிறது, அதற்கு வெட்கப்படுகிறது என்று பதிவில் ஏற்றச் சொன்னார். ஜெர்மேன் அழவில்லை. பையைத் திறந்து அடைகளை எடுத்து, முதலில் தம்பிக்கும் பிறகு காவலருக்கும் கொடுத்தாள்.

அக்டோபரில் துறைக் கூட்டம். சொந்தத் தவற்றைச் சத்தியம் செய்து ஒப்புக்கொண்ட ஒருத்திக்கு நிரந்தரப் பதவி தரலாமா என்று இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள். அதற்குள் விசாரணைப் பதிவு மாநிலம் முழுக்க மருத்துவமனைகளில் கைமாறியிருந்தது. சுகாதாரத் துறையிலிருந்து, கையேட்டைத் திருத்தி எழுத டாக்டர் தெரியோ ஒப்புக்கொள்வாரா என்று கேட்டுக் கடிதமே வந்துவிட்டது. ஓட்டு ஏழுக்கு இரண்டு. எதிர்த்த இரண்டு பேர் யாரென்று அவள் விசாரிக்கவில்லை. தேயர் நடைபாதையில் எதிர்ப்பட்டு, வாழ்த்துகள், கடினமான பாதையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றார். பாதையில் கடினம் ஒன்றுமில்லை, சமையற்கட்டு இரண்டாவது மாடிதான் என்றாள். அவர் முகம் சிவந்தது. அதற்காக அவள் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

புதிய கையேட்டின் முதல் விதியை அவள் அன்று மாலையே எழுதினாள்: ஆளைப் பார்த்து, அவர் தன் நாளை எப்படிக் கழிக்கிறார் என்று கூட இருந்து கவனித்து, சொந்த வார்த்தையில் எழுதி முடித்த பிறகுதான் பழைய அறிக்கையைத் திறக்கலாம். அடுத்த மாதத்திலிருந்து மாநிலத்தின் எல்லா மருத்துவமனையிலும் அது நடைமுறைக்கு வந்தது. அந்த விதியின்படி மறுபடி பார்த்ததில் குளிர்காலத்துக்குள் இன்னும் நாலு பேர் வீட்டுக்குப் போனார்கள்.

அல்சீட் கிளம்பியது அக்டோபர் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஜெர்மேன் சேறு அப்பிய வண்டியில் வந்தாள். தம்பிக்குப் புதுக் காலணி வாங்கி வந்திருந்தாள். அளவு ஒன்று கூட. காகிதம் திணித்துப் போட்டுக்கொள் என்றாள். இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தவர், கதவுக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டார். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு காத்திருந்தார். இத்தனை வருடமும் யாராவது பூட்டைத் திறந்துவிட்டுத்தான் அவர் வெளியே போவார்; இன்று கதவு பூட்டியில்லை, வெல்டா சாவிக்கொத்தைத் தொடவில்லை. ரோஷெலும் அசையவில்லை.

"யாருக்காகடா நிக்கிற?" என்றாள் ஜெர்மேன். "கைப்பிடியத் திருப்பு."

திருப்பினார். கதவு திறந்துகொண்டது. வெளியே காற்றில் மேப்பிள் இலைகள் வாகன நிறுத்தம் முழுக்க ஓடின. படியிறங்கி நேரே வண்டியின் ஓட்டுநர் பக்கத்துக்குப் போனார்.

நீயா ஓட்டப்போகிறாய் என்று ஜெர்மேன் கேட்டாள். உன்னைவிட நல்லாத்தான் ஓட்டுவேன், பம்பர் இருக்கிற கோலத்தைப் பார் என்றார் அவர். பத்தொன்பது வருடம் உட்கார்ந்து தின்றவனுக்கு வாயைப் பார் என்றாள். உட்காரவில்லை, கழுவினேன் என்றார். உரிமம் எங்கே என்றாள். அவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். ஆனாலும் கதவை விடவில்லை. இருவரும் பள்ளத்தாக்குப் பேச்சில் கத்திக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். மேல் மாடி ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன.

"போய் விலக்கி விடு, நீதானே டாக்டரு," என்றாள் வெல்டா.

ரோஷெல் படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "விடு. நல்லாச் சண்டை போடட்டும்."

கடைசியில் ஜெர்மேன்தான் ஓட்டினாள். கண்ணாடியை இறக்கிவிட்டு, வளைவு திரும்பும்வரை, எந்தப் பாதையில் போவது என்று அவர் அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டே போனார்.